விளக்கெண்ணெய் வாடை

அக்தர் பானு பம்பாய் தாராவிக்கு வாழ வந்தபோது அவள் பெட்டியில் இரண்டு சீசா அத்தர் இருந்தது. கல்யாணத்துக்கு வாப்பா வாங்கிக் கொடுத்தது. அதில் ஒரு சொட்டைக்கூட அவள் மேலுக்குப் பூசிக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் அடுப்பில் காய்ச்சிய விளக்கெண்ணெயில் விட்டே தீர்த்தாள்.

விளக்கெண்ணெய் அவள் புருஷன் காசிமின் பிழைப்புக்கு. வறண்டு வெடித்த ஆபீஸ் பை, பூசணம் பூத்த சூட்கேஸ், விறைத்துப்போய்க் காலைக் கடிக்கும் செருப்பு என்று மாட்டுங்கா ஜனங்கள் கொடுக்கிற பழைய தோல் சாமான்களை வாங்கிச் சுத்தம் பண்ணி, மெழுகு தேய்த்துப் பதமாக்கித் திருப்பிக் கொடுப்பான். கடையில் விற்கிற பாலிஷ் மேலே பளபளக்குமே தவிர உள்ளே தோல் காய்ந்துதான் கிடக்கும் என்பது அவன் கட்சி. அதனால் எல்லாமே வீட்டில் தயாராக வேண்டும். தயாரிப்பவள் பானு.

அழுக்குத் துடைக்கப் பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்த நுரைத்தண்ணீர். பூசணத்துக்குக் காடி கலந்த தண்ணீர். நிறம் மங்கிய பழுப்புத் தோலுக்குத் தேயிலையைக் கெட்டியாகக் கொதிக்கவைத்த சாயம். கடைசியில் மெழுகு. கொதிக்கிற வெந்நீருக்குள் கிண்ணத்தை வைத்து, அதில் தேன்மெழுகைச் சீவிப் போட்டு, உருகியதும் விளக்கெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்புத் தோலுக்கென்றால் விளக்குக் கரியைக் குழைத்துச் சேர்க்க வேண்டும். ஆறினால் வெண்ணெய் மாதிரி உறையும். காசிம் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்து, "இந்தத் தடவ மெழுகு கூடிப்போச்சு பானு" என்றோ, "இதுதான் பதம்" என்றோ சொல்வான். அந்த வேலை அவள் கைக்கு நன்றாகவே படிந்துவிட்டது. மனசுக்குத்தான் படியவில்லை.

தாராவியில் நாற்றத்துக்கா பஞ்சம்? பச்சைத் தோல் ஊறும் தொட்டிகளிலிருந்து வருவது ஒன்று, குயவர் சூளைப் புகை ஒன்று, சாக்கடை ஒன்று. ஆனால் அவையெல்லாம் ஊருக்குப் பொது. சூடான விளக்கெண்ணெயின் கனத்த வாடை மட்டும் அவள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பியது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அத்தர் தீர்ந்த பிறகு கிராம்பைத் தட்டிப் போட்டாள், மல்லிகைப் பூவைப் போட்டுப் பார்த்தாள். ஆண்டாப் ஹில்லிலிருந்து பெரிய வாப்பா மகள் சுலைகா எப்போதாவது வருவாள். அவள் தெருமுனையில் தலை காட்டியதுமே பானு டப்பாக்களைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுச் சாம்பிராணி போடுவாள். சுலைகா மூலம் ஊருக்கு என்ன போய்ச் சேருமோ என்ற பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பானுவின் வாப்பா அப்துல் ரவூபுக்கு ஏர்வாடியில் ஜவுளிக்கடை. ஊரில் நாலு பேர் நின்று பேசிவிட்டுப் போகிற கடை. அறுபத்திரண்டில் காசிமுக்குப் பெண் கேட்டு வந்த அவன் மாமி, "பம்பாயில தோல் கம்பெனில பயலுக்குப் பங்கு இருக்கு" என்று ஒரே போடாகப் போட்டாள். உண்மையில் காசிம் ஒரு தோல் கிட்டங்கியில் உப்புப் போட்ட தோல்களைத் தரம் பிரித்து அடுக்குகிற வேலையில் இருந்தான். மாமி சொன்ன பங்குக் கதை கல்யாணத்துக்குப் பிறகுதான் அவன் காதுக்கே வந்தது. வந்த அன்றே பானுவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டான். ஒரு வருஷம் போனதும் கிட்டங்கி முதலாளி எல்லாவற்றையும் விற்றுவிட்டு மதராஸுக்குப் போய்விட்டார். காசிம் ஒருவனிடமும் போய் வேலை கேட்டு நிற்கவில்லை. ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் போய் உட்கார்ந்தான். அங்கே காப்பித்தூள் கடை வைத்திருந்த நெல்லையப்பன், தன் கடைக்கு முன்னால் இடம் விட்டார்.

ஊருக்குப் போகிறவர்களிடம் பானு சொல்லியனுப்பியது ஒன்றுதான்: "கம்பெனி நல்லா நடக்கு." வீட்டு மருமகப்பிள்ளை நடைபாதையில் உட்கார்ந்து, கண்டவன் காலில் கிடந்த செருப்பை மடியில் வைத்துத் தேய்க்கிறது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அறுபத்தைந்தாம் வருஷம், வாப்பாவுக்கு ஹஜ்ஜுக்குப் போகக் குலுக்கலில் பேர் விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. கப்பல் பம்பாயிலிருந்துதான். முசாபர்கானாவில் மற்ற ஹாஜிகளோடு தங்காமல், கப்பல் ஏறுகிறவரை மகள் வீட்டில் இருக்கப்போவதாகவும் சொல்லியனுப்பியிருந்தார்.

பானு அன்று தன் சோற்றைத் தொடாமல் மூடி வைத்தாள். சாப்பிட்டுக் கை கழுவி வந்த புருஷனிடம் மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"கம்பெனிலதான் இருக்கேன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போவும்?"

"ஹஜ்ஜுக்குப் போற மனுசன்ட்ட பொய் சொல்லச் சொல்லுதியா? அது என்னால ஆவாது. அவுக கேக்காம இருந்தா நானும் சொல்லாம இருக்கேன். அம்புட்டுதான்."

"அது போதும்."

காசிம் கை துடைத்த துண்டைத் தோளில் போட்டான். "ஒனக்கு என்னய நெனச்சா கூச்சமா இருக்கா பானு?"

"ஒங்கள நெனச்சு இல்ல. ஒக்காந்திருக்கிய பாருங்க, அந்த எடத்த நெனச்சு."

"அந்த எடத்துலதான நான் இருக்கேன்" என்று சிரித்தான். கோபமில்லாத சிரிப்பு. அவன் சுபாவம் அப்படி. எதையும் உடனே மனசில் எடுத்து வைத்துக்கொள்ள மாட்டான்.

தாதரில் ரயிலைவிட்டு இறங்கிய அப்துல் ரவூப் குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக, மூன்று நாள் பயணம் செய்தவர் மாதிரியே இல்லை. மருமகன் பெட்டியைத் தூக்க வந்ததும், "வேண்டாம் மாப்ள, கூலி வச்சுக்கிடலாம். நீங்க போயி இதெல்லாம் தூக்கிக்கிட்டு" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே பானுவுக்கு முகம் சுண்டியது.

வீட்டின் சிறிய அளவு அவருக்கு ஆச்சரியமாக இல்லை. பம்பாயில் எல்லோருக்கும் இடம் சின்னதுதான் என்று கேள்விப்பட்டிருந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த பண்டமெல்லாம் எடுத்து வைத்த பிறகு, பெட்டியின் அடியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். இடுப்பில் கட்டுகிற தோல் வார். பணமும் பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ளப் பைகள் தைத்தது. முன்னால் ஹஜ்ஜுக்குப் போய்வந்த சிநேகிதர் ஒருவர் கொடுத்ததாம். வருஷக்கணக்காக மூலையில் கிடந்து காய்ந்த பனைமட்டை மாதிரி விறைத்திருந்தது. மடக்கினால் வெடித்துவிடும் போலிருந்தது. பக்கிளைச் சுற்றிப் பூசணம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இத எப்பிடியாவது மெதுவாக்கித் தரணும் மாப்ள. ஆனா ஒண்ணு. ஹஜ்ஜுக்கு இஹ்ராம் துணி உடுத்துன பொறவு மணம் ஆகாது. அதனால வாசனை கீசனை சேத்தது வேண்டாம். பாலிஷ் டப்பாவுல என்ன மிருகத்துக் கொழுப்பு கெடக்கோ, அதுவும் வேண்டாம். ஒங்க கம்பெனில இதுக்குன்னு ஆள் இருப்பான்லா?"

பானு கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"ஆள் இருக்கான் மாமா. குடுங்க" என்றான் காசிம். அவன் பொய் சொல்லவில்லை.

மறுநாள் விடியுமுன் வாப்பா சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனதும் பானு அவசர அவசரமாக அடுப்பைப் பற்றவைத்தாள். கிராம்பு இல்லாமல், பூ இல்லாமல், வெறும் தேன்மெழுகும் விளக்கெண்ணெயும். பழைய மெழுகின் மணம் ஒட்டியிருக்கக் கூடாதென்று கிண்ணத்தைச் சாம்பல் போட்டு மறுபடி மறுபடி தேய்த்திருந்தாள். கதவைத் திறந்து வைத்து, முறத்தால் விசிறி வாடையை வெளியே தள்ளிப் பார்த்தாள். மெழுகு ஆறுவதற்குள் வாப்பா திரும்பி வந்துவிட்டார். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"யாருக்கும்மா வயித்துக்குச் சரியில்ல? வெளக்கெண்ண வாடையா வருதே?"

"அடுத்த வீட்டுல வாப்பா" என்றாள் பானு.

உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த காசிம் அதைக் கேட்டான். மெழுகு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாமனாருக்கு சலாம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். சலவைச் சட்டையும் கால்சட்டையுமாக அவன் தெருவில் நடந்து போவதைப் பார்த்தால் ஆபீஸுக்குப் போகிறவன் என்றுதான் யாரும் சொல்வார்கள். மரப்பெட்டியும் உட்காரும் சாக்கும் நெல்லையப்பன் கடையில் இருந்தன.

இரண்டொரு நாள் இப்படியே ஓடிவிட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும். ஆனால் வாப்பாவுக்குக் கப்பல் சாப்பாட்டை நினைத்துக் கவலை. ஊறுகாயும் அப்பளமும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்.

"அவுக வரும்போது வாங்கிட்டு வருவாக வாப்பா."

"மாப்ளைக்கு வேல கெடக்கு. அதுவுமில்லாம கிங்ஸ் சர்க்கிள்னா நம்ம ஊரு கடைத்தெரு மாதிரியே இருக்கும்னு சொல்லுதாவ. நானும் ஒருக்க பாத்துக்கிடுதேன். வா."

தட்டிச் சொல்ல வழியில்லை. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவரோடு பஸ் ஏறினாள். வட்டத்தின் எந்தப் பக்கம் இறங்கி எந்தப் பக்கமாகச் சுற்றினால் நெல்லையப்பன் கடை கண்ணில் படாது என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். ஊறுகாய் வாங்கும்வரை அது பலித்தது. அப்பளமும் வாங்கியாயிற்று. திரும்பும்போது வாப்பா தலையை நிமிர்த்திப் பார்த்தார். எதிர்ச்சாரியில் தமிழ் எழுத்தில் ஒரு பலகை. காப்பிக்கொட்டை வறுக்கிற மணம் தெரு முழுக்க வந்தது.

"தமிழ்ல எழுதியிருக்கான் பாரு!" என்று சொல்லிக்கொண்டே சாலையைத் தாண்டிவிட்டார். பானு பின்னால் ஓட வேண்டியதாயிற்று.

காசிம் அங்கேதான் இருந்தான். மரத்தடியில் சாக்கு விரித்து, சலவைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பனியனோடு உட்கார்ந்திருந்தான். எதிரில் ஒரு ஆபீஸ்காரர் ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் வெறும் உறையுமாக நின்றுகொண்டு, "ஜல்தி கரோ, மோச்சி" என்று, செருப்புத் தைக்கிறவனை அழைக்கிற மாதிரி, அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவருடைய பூட்ஸ் காசிமின் கையில். வாப்பாவின் இடுப்பு வார் அவன் முழங்காலின்மேல், மெழுகு ஊறுவதற்காக விரித்துப் போட்டிருந்தது.

காலடி ஓசைக்கு நிமிர்ந்தவன் பானுவைப் பார்த்தான். பெண்டாட்டியை எதிர்பாராத இடத்தில் பார்த்த எந்த ஆண்பிள்ளைக்கும் வருவது போல அவன் முகம் தானாக மலர்ந்தது. யாரோடு வந்திருக்கிறாள் என்பது அந்த நொடியில் அவனுக்கு உறைக்கவில்லை.

பானு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துப்பட்டியை இழுத்துக் கன்னத்தை மறைத்து, "இந்தப் பக்கம் வாங்க வாப்பா, பழம் நல்லாருக்கு" என்று வாழைப்பழக்காரன் பக்கம் திரும்பி நடந்தாள். திரும்புகிற அந்தச் சிறு பொழுதில், பாதி மலர்ந்த சிரிப்பு அப்படியே நின்றுபோவதையும், அவன் குனிந்து பூட்ஸைத் தேய்க்க ஆரம்பிப்பதையும் அவள் பார்த்துவிட்டாள். வாப்பா வாழைத்தாருக்கு விலை கேட்டார். ஊர் விலையைச் சொல்லி அங்கலாய்த்தார். நல்லவேளை, அவர் கண்ணில் படவில்லை என்று பானு நினைத்துக்கொண்டாள். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அவளுக்கு நிம்மதி வரவில்லை.

ஏன் என்று அவளுக்கே முதலில் புரியவில்லை. தப்பித்தாயிற்றே. வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் அவனுடைய வேலையை நினைத்துக் கூச்சப்பட்டது ஒரு மாதிரி. இது வேறு. இப்போது உடம்பைக் கூசவைத்தது அவள் செய்த காரியம். கட்டினவனைத் தெருவில் தெரியாதவனாக்கிவிட்டு வந்திருக்கிறாள். அதுவும் அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போது.

சாயந்தரம் காசிம் வந்தான். வாரைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். வாப்பா பிரித்துப் பார்த்தார். பூசணம் இருந்த சுவடே இல்லை. சுருட்டினால் சுருண்டது, விட்டால் விரிந்தது. மூக்கின் அருகில் கொண்டுபோய் முகர்ந்தார். இடுப்பில் கட்டிப் பார்த்தார்.

"செஞ்ச ஆளுக்கு என் சலாத்தச் சொல்லுங்க மாப்ள" என்றார் கடைசியில்.

"சொல்லிருதேன் மாமா."

காசிம் வழக்கம்போலச் சாப்பிட்டான். மீன் குழம்பு நன்றாயிருக்கிறது என்றான். மாமனாரிடம் கப்பலைப் பற்றிக் கேட்டான். பானு பரிமாறும்போது அவன் தன் தட்டைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. அவன் திட்டியிருந்தால், ஒரு வார்த்தை குத்திச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்றே அவனைத் தனியாகப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். வாப்பா இருக்கிறாரே என்று தள்ளிப்போட்டாள். மறுநாளும் தள்ளிப்போட்டாள். சொல்லாமல் விட்ட சொல் ஒவ்வொரு நாளும் கனத்துக்கொண்டே போனது.

கப்பல் ஏறும் நாள் வந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் கிளம்பும் முன் தெரிந்தவர்களிடமெல்லாம் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். அப்துல் ரவூப் அந்தச் சந்தில் தனக்கு முகம் தெரிந்த ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். பிறகு வீட்டுக்குள் வந்து, மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த மருமகனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, அன்னைக்கு கிங்ஸ் சர்க்கிள்ல ஒங்களப் பாத்தேன்."

பானு ஊறுகாய் ஜாடியைத் துணியில் சுற்றுவதை நிறுத்தினாள்.

"என் வாரு ஒங்க மடில கெடக்கிறதயும் பாத்தேன். பாக்காதவன் மாதிரி வாழத்தாருக்கு வெல கேட்டுக்கிட்டே போயிட்டேன். ரோட்டுல நின்னு சலாம் சொல்ல எனக்கு மனசு வரல. அத நீங்க பொறுத்துக்கிடணும்."

காசிம் சிரிக்க முயன்றான். "ரோட்டுல ஆயிரம் பேரு போறாவ மாமா. எல்லாரும் நின்னு சலாம் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்? எம் மனசுல ஒண்ணும் இல்ல. நல்லபடியா போயிட்டு வாங்க. எங்களுக்காகவும் துஆ கேளுங்க."

வாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார். "ஒன்ட்டயும் கேக்கணும்மா. நல்லா விசாரிக்காம ஒன்ன இப்பிடி ஒரு எடத்துல தள்ளிட்டேன். வாப்பாவப் பொறுத்துக்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் காசிமின் முகம் மாறிவிட்டது. அதுவரை எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளியவன், மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "டாக்சி வந்துருச்சான்னு பாக்கேன்" என்று வெளியே போய்விட்டான்.

தள்ளிட்டேன். மூன்று வருஷமாகப் பானு தனக்குள் சொல்லிக்கொண்டிருந்த சொல் அதுதான். இன்னொரு வாயிலிருந்து, அவன் காதுபட வந்தபோதுதான் அது எத்தனை அசிங்கமான சொல் என்று தெரிந்தது.

"அப்பிடிச் சொல்லாதிய வாப்பா" என்றாள். "நீங்க என்னய எங்கயும் தள்ளல. ஒங்க வாருல தேச்ச மெழுகு நான் காச்சுனது. அன்னைக்கு வந்தது அடுத்த வீட்டு வாடை இல்ல, நம்ம வீட்டு வாடை. நான்தான் பொய் சொன்னேன். ரோட்டுல அவுகளப் பாத்து மொதல்ல மொகத்தத் திருப்புனதும் நான்தான்."

வாப்பா அருகில் வந்தார். அவள் தலையில் கையை வைத்து ஓதினார். வாசலுக்கு வந்த பானு பார்த்தபோது காசிம் தெருமுனையில் டாக்சிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். வாப்பா சொன்னதை அவன் கேட்டுவிட்டுப் போயிருந்தான். அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

துறைமுகத்தில் அல்லாஹு அக்பர் என்ற தக்பீர் முழக்கமும் அழுகையுமாக ஒரே கூட்டம். கப்பல் நகர்ந்து, கையசைப்பவர்களில் வாப்பா யார் என்று தெரியாமல் போகிறவரை நின்றுவிட்டுத் திரும்பினார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் பானு, "அன்னைக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"வாசப்பக்கம் கூட்டமா இருக்கு. அடுத்த ஸ்டாப்புல எறங்கணும்" என்றான் காசிம்.

அதன் பிறகு வீட்டில் சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. மெழுகின் பதம் பார்ப்பான், நன்றாயிருந்தால் நன்றாயிருக்கிறது என்பான். ஆனால் ஒன்று நடந்தது. பானு சாமான் வாங்க கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போகிறபோது, தூரத்தில் அவள் துப்பட்டியைக் கண்டதுமே காசிம் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்குச் சங்கடம் வரக் கூடாதென்று அவனே முந்திக்கொண்டான். முதல் தடவை தற்செயல் என்று நினைத்தாள். இரண்டாம் தடவை புரிந்துவிட்டது. நடுத்தெருவில் நின்று அழுதுவிடாமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் வீடு திரும்பினாள்.

அதற்கடுத்த நாள் அவன் கிளம்பும்போது சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. மத்தியானம் சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு தானே கிங்ஸ் சர்க்கிளுக்குப் போனாள். பஸ்ஸைவிட்டு இறங்கியவள் நேரே சாலையைத் தாண்டினாள். அவன் வழக்கம்போலக் குனிந்துகொண்டான். அவள் நிற்கவில்லை. பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

நெல்லையப்பன் கடைக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, "வாங்கம்மா, உள்ள வந்து ஸ்டூல்ல ஒக்காருங்க" என்றார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி" என்று சொல்லி, பானு சாக்கின் ஓரத்தில், காசிமுக்குப் பக்கத்தில், நடைபாதையில் உட்கார்ந்தாள்.

காது இரண்டும் எரிந்தன. போகிறவர் வருகிறவர் எல்லோரும் தன்னையே பார்ப்பது போலிருந்தது. பை கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒருவர், "யே கோன் ஹை?" என்று அவளைக் காட்டிக் கேட்டார். என் வீட்டுக்காரி என்ற அர்த்தத்தில் "மேரி கர்வாலி" என்றான் காசிம், பையிலிருந்து கண்ணை எடுக்காமல். எழுந்து ஓடிவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. துப்பட்டியின் முனையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைக்காரர் போன பிறகு, பஸ் இரைச்சலுக்கு நடுவில் சொன்னாள்.

"அன்னைக்கு நான் மொகத்தத் திருப்பிக்கிட்டேன். அத நீங்க பொறுத்துக்கிடணும்."

காசிம் கையிலிருந்த துணியை மடித்தான். மறுபடி விரித்து மறுபடி மடித்தான்.

"அன்னைக்கே கேட்டிருந்தா ஒடனே பொறுத்திருப்பேன் பானு. மாமா கேட்டாவ, பொறுத்துட்டேன். நீ கேக்கலயேன்னு இருந்துச்சு." துணியைப் பெட்டிக்குள் வைத்தான். "இப்ப கொஞ்ச நாளாவும்."

"ஆவட்டும்" என்றாள். சோற்றைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். சுலைகா கேள்விப்பட்டு, "என்னளா இது, நம்ம குடும்பத்துப் பொண்ணு ரோட்டுல போயி ஒக்காரலாமா?" என்று வீடு தேடி வந்து கேட்டாள். பானு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். போவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஹஜ்ஜை முடித்துவிட்டு வாப்பா திரும்பி வந்தார். ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்திருந்தார். ஊருக்கு ரயிலேறும் முன் ஒருநாள் கிங்ஸ் சர்க்கிளுக்குப் போய், நெல்லையப்பன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து மருமகன் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சலாம் சொன்னார். சாக்கில் வந்து உட்காரவில்லை. அந்த அளவுக்குத்தான் அவரால் முடிந்தது. ஏர்வாடியில் யாராவது கேட்டால், "மாப்ள தோல் வேல பாக்காரு" என்பாராம். கம்பெனி என்றும் சொல்வதில்லை, நடைபாதை என்றும் சொல்வதில்லை.

காசிம் பொறுத்துவிட்டேன் என்று வாய் திறந்து சொன்னதாகப் பானுவுக்கு நினைவில்லை. அந்த வருஷம் மழை தொடங்கியதும், மாட்டுங்காவில் வீட்டுக்கு வீடு தோல் சாமான்கள் பூசணம் பிடித்தன. ஒரு பெரியவர் தன் சூட்கேஸைக் கொண்டுவந்து வைத்து, இது தேறுமா, துடைத்தால் நிறம் போய்விடாதா என்று இந்தியில் கேட்டார். சோறு கொண்டுவந்த பானு அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். காசிம் சாக்கில் நகர்ந்து இடம் விட்டுக்கொண்டே, "இவட்ட கேளுங்க சேட். மருந்து காச்சுறது இவதான்" என்று பாதித் தமிழிலும் பாதி இந்தியிலும் சொன்னான்.

பெரியவர் பானு பக்கம் திரும்பினார். அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. இந்தி வேறு சரியாக வராது. இருந்தாலும் சூட்கேஸைத் திறந்து, உள்ளே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நிழலில்தான் காயவைக்க வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது என்று தட்டுத் தடுமாறிச் சொல்ல ஆரம்பித்தாள்.